அவள் கைக்கு ஒரு சுத்தியல்

பழைய இரும்பு விற்கிற துருக்கடைக்காரர் முதலில் பயந்துதான் போனார். வழக்கமாகத் துணிப்பையோடு வந்து, குவிந்து கிடக்கும் பழைய சாமான்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துவிட்டு, பாதி நாள் ஒன்றுமே வாங்காமல் போகிற மனுஷன் அன்றைக்குச் செய்தித்தாள் பொட்டலம் ஒன்றைப் பிரித்துக் கத்தியை வெளியே எடுத்தார். காய் நறுக்குகிற கத்தி. நுனி ஒரு பக்கமாக வளைந்திருந்தது.

"நீங்க கேட்ட விலைக்கே குடுத்துடறேன் சார், கத்திய உள்ள வைங்க," என்றார் கடைக்காரர்.

வந்தவர் சிரிக்கவில்லை. கத்தியின் மரப்பிடியை இடது கையில் வைத்துக்கொண்டு, வலது கையால் சுத்தியல்கள் கிடந்த தகரப் பெட்டியைக் கிளறினார். ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணை மூடிக்கொள்வார். இந்தப் பிடியை ஒரு தடவை, அந்தப் பிடியை ஒரு தடவை விரலால் சுற்றிப் பார்ப்பார். உதட்டைப் பிதுக்கிவிட்டுத் திரும்பப் பெட்டியில் போடுவார். கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, யாருக்கு சார் சுத்தியல் என்று கேட்டார்.

"வீட்டுல," என்றார் அவர்.

மனைவிக்குப் புடவை எடுக்கிறவர்களைக் கடைக்காரர் பார்த்திருக்கிறார், நகை வாங்குகிறவர்களைப் பார்த்துப் பொறாமைகூடப் பட்டிருக்கிறார். சுத்தியல் வாங்க வந்த ஆளை அன்றைக்குத்தான் பார்த்தார். அம்மாவையே ஒரு நடை கூட்டிக்கொண்டு வந்தால் பிடித்துப் பார்த்து எடுத்துக்கொள்வார்களே என்று யோசனை சொன்னார்.

"ஊர்ல இல்ல."

"எப்ப வருவாங்க?"

அதற்குள் பெட்டியின் அடியில் கிடந்த ஒரு சின்னச் சுத்தியல் அவர் கையில் சிக்கியிருந்தது. தலையில் துரு. பிடி மட்டும் யாரோ நெடுநாள் பிடித்துப் பிடித்து வழவழவென்று ஆகி, நடுவில் லேசாக இடுப்பு மாதிரி ஒடுங்கியிருந்தது. கண்ணைத் திறந்து, மரத்தின் ரேகை பிடி நெடுகிலும் நேராக ஓடுகிறதா என்று பார்த்தார். தலையை ஆட்டிப் பார்த்தார், ஆடவில்லை. கத்தியை மறுபடி செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு, இதுதான் என்றார்.

அவரை வேலை பார்த்த இடத்தில் எல்லோரும் ஜன்னல் என்றுதான் கூப்பிடுவார்கள். தண்ணீர் பம்பு செய்கிற தொழிற்சாலை அது. அதன் டூல் ஸ்டோரில், மார்பு உயரத்தில் இருந்த ஒரு சின்ன ஜன்னலுக்குப் பின்னால் நின்று கருவிகளை எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும்வரை அதே ஜன்னல். ஒரு கல்யாண வீட்டில் அவர் நடந்து வருவதைப் பார்த்த டர்னர் ஒருவர், "அட, நம்ம ஜன்னலுக்குக் காலெல்லாம் இருக்குப்பா," என்று பந்தியே திரும்பிப் பார்க்கும்படி சொன்னது பல வருஷம் பேச்சாக இருந்தது.

கருவி வேண்டுமென்றால் டோக்கன் கொடுக்க வேண்டும். பித்தளையில் வட்டமாக, தொழிலாளியின் எண் பொறித்தது. சுவரில் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் ஆணி. ஆணிக்குக் கீழே அந்தக் கருவியின் உருவம் கறுப்புப் பெயிண்டில் வரைந்திருக்கும். கருவி வெளியே போனால் அந்த ஆணியில் டோக்கன் தொங்கும். சாயங்காலச் சங்கு ஊதுவதற்குள் கருவி திரும்பி வரும், டோக்கன் திரும்பிப் போகும். அபூர்வமாகச் சதுர டோக்கன் ஒன்று தொங்கும். அந்தக் கருவி அந்த ஆளுக்கே என்று எழுதிக் கொடுத்தாயிற்று, இனி வராது என்று அர்த்தம். சதுரம் தொங்கினால் அதை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது, காலி ஆணிக்கு வேறொன்று வாங்கி மாட்ட வேண்டும். அது ஸ்டோர் விதி.

டோக்கன் இல்லாத ஒரே ஆள் அவர்தான். அவருக்கு எதற்குக் கருவி?

ஜன்னல் வழியாக அவருக்கும் முகங்களைவிடக் கைகள்தான் அதிகம் தெரியும். நீட்டிய கையைப் பார்த்தே இந்தக் கைக்கு எந்தச் சுத்தியல், எந்த அரம் என்று எடுத்து வைப்பார். ஒரே எடையில் இருக்கிற இரண்டு சுத்தியலில் குட்டைவிரல்காரனுக்கு ஒன்று, நீளவிரல்காரனுக்கு ஒன்று. யாரும் கேட்டதில்லை, ஆனால் மாற்றிக் கொடுத்தால் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இப்படிப்பட்டவர் வீட்டில் ஒரு திருப்புளிகூடக் கிடையாது. ஸ்டோரிலிருந்து ஒரு ராத்திரிக்குக்கூட எதையும் எடுத்து வரமாட்டார். வாங்கலாம் என்றால், நல்ல கருவி எது என்று தெரிந்த மனுஷனுக்கு மட்டமானதை வீட்டுக்குள் கொண்டுவர மனம் ஒப்பவில்லை. நல்லதன் விலையோ கைக்கு எட்டவில்லை. நல்லதாக வாங்கலாம், நல்லதாக வாங்கலாம் என்று சொல்லிச் சொல்லியே ஒன்றும் வாங்காமல் காலம் ஓடிவிட்டது.

வேடிக்கை என்னவென்றால் அந்த வீட்டில் கை வேலை தெரிந்தவள் அவர் மனைவி. அயர்ன் பாக்ஸ், குடை, கடிகாரம், அடுத்த வீட்டுத் தையல் மெஷின் எதுவானாலும் சமையலறைத் தரையில் பழைய துணியை விரித்துப் பிரித்துப் போட்டுவிடுவாள். அவளுக்குத் திருப்புளி அந்தக் காய் நறுக்குகிற கத்தி. அதன் நுனி அப்படித்தான் வளைந்தது. அவளுக்குச் சுத்தியல் ஒரு பெரிய இரும்புப் பூட்டு, சாவி தொலைந்தது. முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரில் அடித்தவளும் அவள்தான். தன் உயரத்துக்கு அடித்துவிட்டாள். அவர் இன்றைக்கும் முழங்காலை மடக்கித்தான் சவரம் செய்கிறார்.

"ஊருக்கெல்லாம் சுத்தியல் எடுத்துக் குடுக்கறவர் பொண்டாட்டி பூட்டால ஆணி அடிக்கறா," என்று யார் வந்தாலும் அவர் முன்னாலேயே சொல்லிச் சிரிப்பாள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

மகளுக்கு இரண்டாவது குழந்தை பிறந்தபோது மூன்று மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று ரயில் ஏறினாள். அந்தக் குழந்தை இப்போது பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போகிறது. வராததற்கு ஒவ்வொரு முறையும் நியாயமான ஒரு காரணம் இருந்தது. மகளுக்கு ஷிஃப்ட் மாறியது, பெரியவனுக்கு அம்மை போட்டது, ஆயா நின்றுவிட்டாள். அவரும் ஒருமுறை போய் இருந்து பார்த்தார். இரண்டு அறை வீடு, எத்தனையோ மாடிகளுக்கு மேலே. ராத்திரி அவருக்கு ஹாலில் படுக்கை விரித்தால் காலையில் முதல் ஆளாக எழுந்து சுருட்டியாக வேண்டும். பகல் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கை நீட்ட யாரும் வராத ஜன்னல். ஒரு வாரத்தில் திரும்பிவிட்டார்.

தனியாக இருப்பதற்கு ஓர் ஒழுங்கு வந்துவிட்டது. ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு பாத்திரம். சின்ன ரொட்டியாக வாங்கினாலும் கடைசித் துண்டுகள் பூஞ்சை பிடித்துப் போயின. குளியலறைக் குழாய் ஒழுக ஆரம்பித்தது. சொட்டுச் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று பக்கெட்டில் ஒரு துணியைப் போட்டு வைத்தார். சத்தம் நின்றதும் வீடு ஒரேயடியாக அமைதியாகிவிட்டது. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுத் துணியை எடுத்துவிட்டார். அப்புறம்தான் தூக்கம் வந்தது.

மாடி வீட்டம்மா தனக்குத் தெரிந்த பிளம்பர் இருக்கிறார், அனுப்பட்டுமா என்று கேட்டார். அவர் வேண்டாம் என்றுவிட்டார். கீல் கழன்ற அலமாரிக் கதவு, கால் ஆடும் நாற்காலி, சுடாத அயர்ன் பாக்ஸ் எல்லாம் அப்படி அப்படியே கிடந்தன. அவள் வந்தால் அவளுக்கு வேலை வேண்டாமா என்று ஒரு கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை போன் வரும். சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா, இரண்டு பக்கமும் சரி சரி என்று முடிந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வைக்கப்போகிற நேரத்தில், "அந்தக் கத்திய யார்கிட்டயாவது குடுத்து அனுப்ப முடியுமா?" என்று கேட்டாள். பக்கத்து வீட்டுக் குழந்தையின் பொம்மைக் காரைத் திறக்க வேண்டுமாம். இங்கே இருக்கிற கத்தியெல்லாம் கையில் நிற்கவில்லையாம்.

அவர் பார்க்கிறேன் என்றார். போனை வைத்துவிட்டுக் கத்தியை எடுத்து நெடுநேரம் கையில் வைத்திருந்தார். என்னைக் கேட்கவில்லை, கத்தியைக் கேட்கிறாள் என்று முதலில் தோன்றியது. பிறகுதான் அந்த யோசனை வந்தது. கத்திக்கே இப்படி ஏங்குகிறவளுக்கு ஒரு பட்டறையே போட்டு வைத்தால்? அவள் கைக்கு, அவள் உயரத்துக்கு, எல்லாக் கருவியும் சுவரில். வந்து பார்த்தால் திரும்பிப் போக மனம் வருமா?

கத்தியை அனுப்பவில்லை. பின்னறையைக் காலி செய்தார்.

நல்லதாக வாங்கலாம் என்று தள்ளிப்போட்ட மனுஷன் இப்போது ஓய்வூதியத்துக்குள் வாங்கக் கற்றுக்கொண்டார். எதைப் பழையதாக வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்று அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. சுத்தியலும் ஸ்பானரும் பழையதே நல்லது, ஸ்பானரின் வாய் மட்டும் விரிந்திருக்கக் கூடாது. அரம் புதிதாகத்தான் வேண்டும். தேய்ந்த அரம் பார்வைக்கு நல்ல அரம் மாதிரியேதான் இருக்கும், இரும்பில் வைத்தால்தான் வழுக்கும். ரம்பத்துக்கு நல்ல பிளேடு போதும், சட்டம் எதுவானால் என்ன. பெட்டிக்குள் பளபளவென்று அடுக்கி வைத்த முழு செட்டை அவர் தொடவே இல்லை. அதில் பாதி கடைசிவரை பெட்டியிலேயே தூங்கும், மீதி முதல் வாரமே முனை மழுங்கும். திருப்புளிகளை மட்டும் ஒன்றிரண்டாகப் புதிதாக எடுத்தார். துளை போடும் மெஷினுக்கு பேட்டரி வேண்டாம் என்று தீர்மானித்தார். எடுக்க ஆளில்லாமல் மாதக்கணக்கில் கிடந்தால் பேட்டரி செத்துப்போகும், வயர் வைத்தது காத்திருக்கும்.

வைஸ்தான் இழுத்தடித்தது. பிடித்து இறுக்கி வைக்க வைஸ் இல்லாமல் பட்டறை இல்லை, புதியதோ யானை விலை. துருக்கடைக்கு நடையாய் நடந்தார். ஒன்றில் தாடை தேய்ந்திருந்தது. இன்னொன்றைச் சின்ன இரும்புத் துண்டால் தட்டிப் பார்த்தார், மணி மாதிரி ஒலிக்காமல் ஓட்டைப் பானை மாதிரி சத்தம் வந்தது. எங்கோ விரிசல்.

"சார், எங்க மாமா எங்க அக்காவப் பொண்ணு பாக்க வந்தப்பகூட இவ்வளவு பாக்கல," என்றார் கடைக்காரர். கடைசியில் ஒன்று அமைந்தது. துருப்பிடித்து அசையாமல் கிடந்ததால் மற்ற யாரும் திரும்பிப் பார்க்காதது. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, நாளும் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்து, ஒரு காலையில் திருகு சுழன்றபோது சொல்ல யாரும் இல்லை. மாடி வீட்டம்மா துணி காயப்போட வந்தபோது, "வைஸ் சுத்துதுங்க," என்றார். அந்த அம்மா நல்லது என்று சொல்லிவிட்டுப் போனார்.

இடித்த வீடு ஒன்றின் கதவை வாங்கி மேஜைப் பலகையாக்கினார். தாழ்ப்பாள் ஓட்டை அப்படியே இருந்தது. உயரத்துக்குத்தான் தடுமாற்றம். கடைசியில் கண்ணாடி முன்னால் போய் முழங்காலை மடக்கி, தன் முகம் நேராகத் தெரியும்போது முழங்கை எங்கே நிற்கிறது என்று சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டார். அவள் முழங்கை அங்கேதான் இருக்கும். கால்களை அறுத்ததும், சுத்தியல் இன்னும் வாங்காததால் அவளுடைய பூட்டை வைத்தே ஆணி அடித்ததும் அவரேதான். எடுத்துக் கொடுத்தே பழகிய கை அது. ஆணிகள் வளைந்தன, கட்டைவிரல் நகம் கறுத்தது, மேஜை ஆடியது. ஒரு காலுக்குக் கீழே அட்டையை மடித்து வைத்தார்.

சுவரில் ஆணிகள். ஒவ்வொன்றுக்கும் கீழே கறுப்புப் பெயிண்டில் கருவியின் உருவம். எல்லா உருவமும் வரைந்தபிறகு கடைசியாக மிச்சம் இருந்தது சுத்தியலின் இடம். அதற்குத்தான் கத்தியைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு போனார்.

மகளின் மாமியார் அங்கே வந்து ஒரு வாரம் குழந்தைகளோடு இருக்கப் போகிறார் என்று, அந்த ஒரு வாரத்துக்கு மனைவி வந்தாள். ரயிலடியிலிருந்து வரும் வழியெல்லாம் அவர் பின்னறையைப் பற்றி வாய் திறக்கவில்லை. வீட்டில் நுழைந்து, கைகால் கழுவி, ஒழுகுகிற குழாயைப் பார்த்து, "இது எப்பலேர்ந்து?" என்று கேட்டுவிட்டு வந்தவளைக் கூட்டிப்போய்க் கதவைத் திறந்தார்.

அவள் வாசலிலேயே நின்றாள்.

"யாருங்க இங்க பட்டறை போட்டது?"

"உன்னோடதுதான்."

உள்ளே போனாள். வைஸைச் சுழற்றினாள். மேஜையில் உள்ளங்கையை ஊன்றிப் பார்த்தாள். அது ஆடியது, குனிந்து காலுக்குக் கீழே இருந்த அட்டையைப் பார்த்தாள். சுத்தியலை எடுத்துப் பிடித்தாள், கீழே வைத்தாள், மறுபடி எடுத்தாள்.

"கைக்குள்ள அப்படியே உக்காருதே. எப்படி அளவு எடுத்தீங்க?"

"உன் கத்திய வச்சு."

"ஓ. அதனாலதான் கத்தி வந்து சேரலையா," என்று சிரித்தாள். சிரிப்பை அவள் சீக்கிரமே நிறுத்திக்கொண்டதை அவர் அப்போது கவனிக்கவில்லை.

அந்த வாரம் அவருக்குத் தரையில் கால் பாவவில்லை. காலையில் டீ குடித்ததும் அவள் பின்னறைக்குப் போய்விடுவாள். அலமாரிக் கதவுக்குப் புதுக் கீல் வந்தது. நாற்காலிக் கால் நின்றது. அயர்ன் பாக்ஸ் சூடானது. மேஜைக்கு அடியிலிருந்த அட்டையை உருவி எறிந்துவிட்டுக் குறுக்குக் கட்டை அடித்தாள். அவர் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு நிற்பார். அவள் திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டுவாள். எது வேண்டுமென்று கேட்காமல் அவர் எடுத்து வைப்பார். ஒருமுறைகூடத் தப்பவில்லை. பழைய ஜன்னல் திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது.

இடையிடையே அவளுக்குப் போன் வரும். யாரோ ஒரு பெண் குக்கர் கைப்பிடி கழன்றுவிட்டது என்பாள். ஒரு குழந்தை, ஆன்ட்டி எப்போது வருவீர்கள், என் ரயில் ஓடவில்லை என்று அழும். மகள் இருக்கும் கட்டடத்தில் கீழ்த்தளத்துப் படிக்கு அடியில் வாட்ச்மேன் ஒரு மூலை ஒதுக்கிக் கொடுத்திருக்கிறாராம். சாயங்காலம் அங்கே ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்காருவாளாம். கடனாக வாங்கிய திருப்புளி ஒன்றும் ஒரு கல்லும்தான் அங்கே அவளுடைய கருவிகள்.

"வரிசையில நிக்கறாங்கன்னா பாத்துக்கங்க," என்றாள். சொல்லும்போது அவள் முகம் மலர்ந்த விதத்தை அவர் பார்த்தார். ஸ்பானரைத் துடைத்து ஆணியில் மாட்டினார்.

எல்லாம் முடிந்து குழாய் மட்டும் மிச்சம் இருந்தது. ஊருக்குப் போவதற்கு முந்தின நாள், குளியலறையிலிருந்து கூப்பிட்டாள். அவர் ஸ்பானரை எடுத்துக்கொண்டு போய் நீட்டினார். அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

"நீங்க உக்காருங்க. இத நீங்க பண்ணுங்க."

"நீயே பண்ணிடேன். எனக்கு எங்க வரும்."

"நான் பண்ணா இப்ப நிக்கும். வாஷர் தேஞ்சு மறுபடி ஒழுகும்போது?"

"அப்ப நீ..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

அவள் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் அவரை உட்கார வைத்தாள். முதலில் எந்த வால்வை மூட வேண்டும் என்று காட்டினாள். எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று சொல்லவில்லை. அவர் தப்பாகத் திருகி, தானே கண்டுபிடித்து, மாற்றித் திருகும்வரை காத்திருந்தாள். பழைய வாஷரை எடுத்துப் புதியதைப் போட்டு மூடினார். சட்டை நனைந்துபோயிற்று. சொட்டு நின்றது. கதவுக் கீலும் நாற்காலியும் குறுக்குக் கட்டையும் எதற்காக என்று அவருக்கு அந்த இடத்தில்தான் புரிந்தது. அவள் இங்கே இருப்பதற்காகச் சரிசெய்யவில்லை.

"நீ வரப்போறதில்ல," என்றார்.

அவள் ஈரத் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். "அங்க எனக்குன்னு ஒரு இடம் ஆயிடுச்சுங்க. விட்டுட்டு வர மனசு இல்ல. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் சொல்லணும்னுதான் போன் பண்ணுவேன். சாப்பிட்டீங்களான்னு கேட்டுட்டு வச்சுடுவேன்." கொஞ்சம் பொறுத்து, "நீங்களும் வந்துடுங்களேன்," என்றாள்.

"அங்க எனக்கு என்ன வேலை?"

"இங்க மட்டும் என்ன வேலை?"

கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவரும் யோசித்துப் பார்த்தார். அந்த ஹாலும் சுருட்டி வைத்த படுக்கையும் ஞாபகம் வந்தன. அங்கே அவளுக்கு ஒரு ஸ்டூல் போட இடம் கிடைத்தது என்றால் அது அவள் கையில் இருந்த வேலைக்காகக் கிடைத்தது. தன் கையில் என்ன இருக்கிறது? ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பெட்டியைக் கட்டிவிட்டுப் பின்னறைக்கு வந்தாள். சுவரில் இருந்த சுத்தியலை எடுத்தாள்.

"இத மட்டும் எடுத்துக்கட்டுமா?"

எத்தனையோ வருஷப் பழக்கம், வாய் தானாகவே கேட்டுவிட்டது: "டோக்கன்?"

அவள் சிரித்தாள். அவரும் சிரிக்க முயன்றார். அந்த ஸ்டோரின் விதியெல்லாம் அவளுக்கும் தெரியும், சாப்பாட்டு நேரத்தில் கேட்டுக் கேட்டுப் புளித்தவள்.

"வட்டமா, சதுரமா?" என்றார்.

அவள் காலியான ஆணியையும் அதற்குக் கீழே இருந்த கறுப்பு உருவத்தையும் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"சதுரம்னே வச்சுக்கங்க," என்றாள். "பாக்க வருவேன். லீவுக்கு லீவு வருவேன். ஆனா சதுரம்."

அவர் சுத்தியலின் தலையை ஒரு துணியால் சுற்றி அவள் பைக்குள் வைத்தார். கத்தியையும் எடுத்துக்கொண்டு போ என்றார். காய் நறுக்க வேண்டாமா, அது இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள். ரயிலடிக்குப் போய் ஏற்றிவிட்டு வந்தபிறகு, சமைக்கக் கத்தியை எடுத்தபோதுதான் கவனித்தார். வைஸில் வைத்து அதன் நுனியை நிமிர்த்தியிருந்தாள். இனி அது திருப்புளி இல்லை, வெறும் கத்தி.

வீட்டில் எல்லாம் சரியாக வேலை செய்தன. கதவுகள் சத்தமில்லாமல் மூடின. நாற்காலி ஆடவில்லை. குழாயிலிருந்து ஒரு சொட்டு விழவில்லை. படுத்திருந்தவர் எழுந்துபோய்க் குழாயின் தலையில் கை வைத்தார். கொஞ்சம் தளர்த்திவிட்டால் போதும். முதன்முதலாகத் தான் செய்த வேலை அது என்ற நினைப்பு வந்ததும் கையை எடுத்துக்கொண்டார். தூக்கம் வர நேரமாயிற்று.

சில நாள் அந்தக் காலி ஆணியைப் பார்த்துக்கொண்டே டீ குடித்தார். பிறகு துணிப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

துருக்கடைக்காரர் கத்தி இல்லாததை முதலில் உறுதி செய்துகொண்டார். அம்மாவுக்குப் பிடித்திருந்ததா என்று விசாரித்தார்.

"பிடிச்சுது. எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"அப்ப அதே அளவுல இன்னொண்ணு தேடணுமா? சார், இந்தக் கடையில அப்படி ஒண்ணு இருந்ததே எனக்குத் தெரியாது."

"இல்ல. இது வேற கைக்கு."

"யாருக்கு?"

அவர் பெட்டியிலிருந்து ஒரு சுத்தியலை எடுத்துக் கண்ணை மூடினார். ஒன்றும் தெரியவில்லை. பெரிதா, சின்னதா, கனமா, லேசா, ஒன்றும் பிடிபடவில்லை. இன்னொன்று எடுத்தார். அதுவும் அப்படியே. எத்தனையோ பேர் கைக்கு அளவு சொன்னவர், தன் கைக்கு ஒன்றைப் பிடித்துப் பார்த்ததில்லை.

கடைக்காரர் சற்றுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கைய நீட்டுங்க சார்," என்றார். நீட்டினார். கறுத்த கட்டைவிரல் நகத்தைப் பார்த்துக் கடைக்காரர் உச்சுக்கொட்டினார். குவியலுக்குள் கைவிட்டு, கனமான தலையும் நீளப் பிடியுமாக ஒன்றை எடுத்து அந்தக் கையில் வைத்தார். "இத வச்சுப் பழகுங்க. ஒத்து வரலைன்னா மாத்திக்கலாம், நான் எங்க போயிடப் போறேன்."

வீட்டுக்கு வந்து ஆணியில் மாட்டினார். சுவரில் இருந்த சின்ன உருவத்தை அது மறைத்துக்கொண்டு தொங்கியது. புதிதாக வரையலாம் என்று பெயிண்ட் டப்பாவை எடுத்தார், பிறகு அது கிடக்கட்டும் என்று மூடிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தபோது ஒரு பலகையில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார். இன்னதுக்கு என்று இல்லை, சும்மா ஒரு பலகை. போனை மேஜைமேல் வைத்து ஸ்பீக்கரைப் போட்டார்.

"என்னங்க அது, தட்டற சத்தம்?"

"ஆணி அடிக்கறேன்."

"நேரா போகுதா?"

"எங்க. எல்லாம் சாஷ்டாங்கமா விழுது."

"பிடிய தலைக்குக் கிட்டப் பிடிச்சிருப்பீங்க. கைய கடைசிக்குக் கொண்டு போங்க. பயப்படாதீங்க, அதுவே இறங்கும்."

அவர் கையைக் கீழே இறக்கிப் பிடித்தார். அவள் இன்னும் ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் யாரோ ஒரு குழந்தை ஆன்ட்டி ஆன்ட்டி என்று கூப்பிடுவது கேட்டது. வைக்கட்டுமா என்றாள். வை என்றார்.

வளைந்துபோன ஆணியைக் குறடால் பிடுங்கி ஓரமாகப் போட்டுவிட்டு, டப்பாவிலிருந்து இன்னொன்றை எடுத்தார்.